ஹேட்ரியன் சுவரோட கல்லெல்லாம் எங்கே போச்சு?

(காட்சி: வடக்கு இங்கிலாந்து. ஆடு மேயற புல்வெளி, நடுவுல இடுப்பளவு கல் சுவர்.)

கிழக்குல வால்செண்ட், மேற்குல பௌனஸ். இடையில 117 கிலோமீட்டர். கி.பி. 122-ல பேரரசர் ஹேட்ரியன் உத்தரவுல ரோமப் படைகள் கட்ட ஆரம்பிச்ச எல்லைச் சுவர் இது. இன்னிக்குப் பெரும்பகுதி தரைக்கு மேல இல்ல. அது தானா இடிஞ்சு போனதைவிட, ஆளுங்க எடுத்துட்டுப் போனதுதான் அதிகம்.

(காட்சி: லேனர்காஸ்ட் மடம்.)

ரோமப் படை கிளம்பின பிறகு கேட்பாரில்ல. செதுக்கின கல் கைக்கெட்டற தூரத்துல இருக்கும்போது யார் குவாரிக்குப் போவாங்க? லேனர்காஸ்ட் மடம், தேர்ல்வால் கோட்டை, பண்ணை வீடு, மாட்டுத்தொழுவம்னு எல்லாத்துலயும் இந்தக் கல்தான்.

பெரிய அடி அரசாங்கமே போட்டது. 1745-ல ஜேக்கபைட் கலகம், அதாவது பழைய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தை மறுபடி அரியணை ஏத்தறதுக்கான கிளர்ச்சி. நியூகாசில்ல இருந்த அரசாங்கப் படைத் தலைவர் ஜெனரல் வேட், கலகக்காரங்களைத் தடுக்கத் தன் படையை மேற்கே கார்லைலுக்குக் கொண்டுபோகணும். ஒழுங்கான ரோடு கிடையாது, போய்ச் சேர முடியல. அந்தப் பாடத்துல 1751-ல ரோடு போட ஆரம்பிச்சாங்க. பல மைல் தூரத்துக்குச் சுவரை இடிச்சு, கல்லை உடைச்சு, அதையே அடியில கொட்டினாங்க. இப்ப பி6318 ரோட்டுல போற கார், பல இடத்துல ஹேட்ரியன் சுவர் மேலதான் போகுது.

(காட்சி: பிளேன்ட்ரீஸ். கேமரா சுவரோட அடிப்பக்கம் நெருங்குது.)

1801-ல வில்லியம் ஹட்டன்ங்கற வரலாற்று எழுத்தாளர், 78 வயசுல, சுவர் நெடுக நடந்தே வந்தாரு. இங்கே ஒருத்தர் வீடு கட்டறதுக்காகச் சுவரை இடிச்சுக்கிட்டிருந்தாரு. ஹட்டன் கெஞ்சினாரு. மிஞ்சினது இந்தத் துண்டு. அடியில பாருங்க: அஸ்திவாரம் அகலமா வெளியில நீட்டிக்கிட்டிருக்கு, மேல சுவர் ஒல்லியா ஏறுது. அகலமாக் கட்டணும்னு அஸ்திவாரம் போட்டுட்டு, நடுவுல திட்டத்தை மாத்தியிருக்காங்க. இதுவும் போயிருந்தா, அந்த முடிவை இவ்வளவு தெளிவா இங்கே பார்த்திருக்க முடியாது.

ஆனா கெஞ்சி எவ்வளவுதான் காப்பாத்த முடியும்? நியூகாசில் நகர அதிகாரி ஜான் கிளேட்டன் வேற வழி பிடிச்சாரு. 1834-லேர்ந்து சுவர் இருக்கிற பண்ணை நிலங்களை ஒண்ணொண்ணா விலைக்கு வாங்கினாரு. விழுந்து கிடந்த கல்லை ஆள் வெச்சு மறுபடி அடுக்கினாரு. அது அசல் ரோமக் கட்டுமானம் இல்லைங்கறது நியாயமான குறைதான். இருந்தாலும் நான் அவர் பக்கம். நிலம் அவர் கையில இல்லைன்னா அடுக்கறதுக்குக் கல்லே மிஞ்சியிருக்காது.

(காட்சி: ஹவுஸ்டெட்ஸ் அருகே மேட்டு மேல போற சுவர்.)

நேர்ல போனா ஒண்ணு கவனிங்க. பூச்சுக் கலவை இல்லாம வெறும் கல்லா அடுக்கி, உச்சியில புல் வளர்ந்திருந்தா அது கிளேட்டன் ஆளுங்க கைவேலை. கல்லுக்கு நடுவுல சுண்ணாம்புக் கலவை புதுசாத் தெரிஞ்சா, அது பின்னாடி அரசாங்கம் கெட்டிப்படுத்தின பகுதி.