பென்டிரைவ் சொருகினா மவுஸ் திக்குதா? புது மவுஸ் வாங்காதீங்க!

[திரையில்: சிபியூ முன்பக்கம், நீல யூ.எஸ்.பி. போர்ட், குளோசப்]

வணக்கம் மக்களே! கஸ்டமர் பென்டிரைவ் குடுக்கறாரு, நீல போர்ட்ல சொருகி போட்டோ காப்பி போடறீங்க. உடனே வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகருது. பென்டிரைவைக் கழட்டினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர் வச்சிருக்கவங்க நல்லா கவனிங்க: மவுஸ்ல கோளாறே இல்ல!

கீபோர்டை மொதல்ல முடிச்சிடலாம். கீயை அழுத்திப் பிடிச்சாத்தான் எழுத்து விழுதா? வலது ஷிப்ட் மேல 8 நொடி கை இருந்து, விண்டோஸ்ல இருக்கற ஃபில்டர் கீஸ்ங்கற வசதி ஆன் ஆகியிருக்கும். அதே ஷிப்டை மறுபடி 8 நொடி பிடிங்க, போயிடும். பழைய ஊதா கலர் உருண்டை பின் கீபோர்டுன்னா, சிஸ்டத்தை ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் சொருகணும்.

இப்ப நம்ம நீல போர்ட்.

[திரையில்: டாங்கிள், அதை ஒட்டி பென்டிரைவ்]

உங்க வயர்லெஸ் மவுஸுக்காக சிபியூல சொருகற குட்டி ரிசீவர்தான் டாங்கிள். அது மவுஸோட பேசறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. நீல போர்ட், அதாவது யூ.எஸ்.பி. 3.0 போர்ட்ல டேட்டா ஓடற வேகம் நொடிக்கு 5 கிகாபிட். அந்த வேகத்துல ஓடும்போது கசியற ரேடியோ இரைச்சல், மவுஸோட 2.4 பேண்ட் மேலேயே வந்து விழுது. இன்டெல் கம்பெனியே 2012-ல இதை அளந்து அறிக்கை போட்டாங்க. இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் ஏறுது. அதாவது 100 மடங்கு! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இந்தக் கணக்குதான்.

நம்ம நேதாஜி மார்க்கெட்டுக்கு சாயந்திரம் போறீங்க. "முள்ளு கத்திரிக்கா கிலோ எவ்ளோ"ன்னு மெதுவா கேக்கறீங்க. பக்கத்துக் கடையில மைக் செட் அலறுது. கடைக்காரம்மாவுக்கு பாதி காதுல விழுது, பாதி விழல. அந்த அம்மாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. மைக்கை விட்டு நாலடி தள்ளி நின்னு கேட்டா, அதே குரலுக்கே பதில் வந்துடும். டாங்கிளுக்கும் அதேதான், தள்ளி வைக்கணும்.

எப்படி? ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்க. டாங்கிளை அதுல மாட்டி, மவுஸ் பேட் பக்கத்துலயே மேசை மேல வைங்க. கேபிளோட மறுமுனை கருப்பு போர்ட்ல (யூ.எஸ்.பி. 2.0) போகட்டும். கேபிள் கைவசம் இல்லன்னா, டாங்கிள் முன்பக்கமே இருக்கட்டும், பென்டிரைவை சிபியூ பின்பக்க நீல போர்ட்டுக்கு மாத்துங்க. நடுவுல இருக்கற இரும்பு கேபினட்டே இரைச்சலை ஓரளவு மறைச்சிடும்.

ஒரு சந்தேகம் வரும்: பேட்டரி வீக்கா இருந்தாலும் மவுஸ் திக்குமேன்னு. திக்கும். ஆனா பென்டிரைவ் இருந்தாலும் இல்லாட்டியும் திக்கும். அதனால பென்டிரைவை மூணு தடவ சொருகி, கழட்டிப் பாருங்க. சொருகும்போது மட்டும் திக்கினா, இந்த இரைச்சல்தான் காரணம்.

ஒரு கிளிக் பண்ணா ரெண்டு கிளிக் விழுற கேஸ் வேற. உள்ள இருக்கற மைக்ரோ சுவிட்ச்சோட செம்புத் தகடு தேஞ்சிருக்கும். செட்டிங்ஸ்ல எதை மாத்தினாலும் தீராது, சுவிட்சைத்தான் சால்டர் பண்ணி மாத்தணும்.

உங்க சிபியூல டாங்கிள் இப்ப எந்த கலர் போர்ட்ல இருக்கு? பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க.