ஒரு தாள், ஒரு கேள்வி

(வேலூரில் இளம் ஓவியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அரங்குக்குள் நுழைந்ததும் உங்களில் பலர் சொன்ன குறை ஒன்றுதான்: "கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை." இதைப் பெரிய நோய்போல் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வருடம் பெருமையோடு சுவரில் மாட்டிய படம் இன்று உங்களுக்கே சலிக்கிறது என்றால், கண் தேறிவிட்டது. கை இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்து இன்னும் பெரிய கேன்வாஸை விரிப்பதுதான் வம்பு.

பயிற்சி ஓவியம் அதற்குத்தான். சின்ன அளவில் போட்ட படத்தை நான் சொல்லவில்லை. ஒரு தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவதைச் சொல்கிறேன்.

நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு வாங்கியதில் ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள். முதல் தாளில் நிறம் வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம், நடுநிழல், இருட்டு என்று மூன்றாக மட்டும் பிரியுங்கள். தோலின் பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, வளைவை ஒட்டி நீண்டிருக்கும். பலர் அதைக் கடைசியில் வெள்ளைப் பெயிண்ட் வைத்து ஒட்டுப்போடுகிறார்கள். நீர்வண்ணத்தில் அந்த இடத்தைத் தாளாகவே விட்டுவிட வேண்டும். காயின் அடிப்பக்கத்தில் மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் ஒன்று மங்கலாகத் தெரியும். அதைக் கொஞ்சம் அதிகமாக்கினாலும் போச்சு, கத்தரிக்காய் தகர டப்பாவாகிவிடும்!

அடுத்த தாளில் காம்பும் முள்ளும் மட்டும்: எந்த விளிம்பு கூராக நிற்கிறது, எது நிழலில் கரைகிறது? நிறம் அதற்குப் பிறகுதான். கறுப்பு ட்யூபைத் தொடாமல், அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்து இருட்டை வரவழையுங்கள். அதே கலவையில் தண்ணீரைக் கூட்டினால் நம் கோட்டை மதிலின் கருங்கல் நிறம் கிடைக்கும். நிழல் பக்கத்துக்கு நீலம் சற்றுத் தூக்கல். வெயில் பக்கத்துக்குப் பழுப்பு.

வான்கோ 1885-இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்துக்கு வருமுன் குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் தலைகளாக வரைந்து தள்ளினார். 1890-இல், வாழ்வின் கடைசி மாதங்களிலும், பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் மாணவர்களுக்காகத் தயாரித்த கரிக்கோல் பயிற்சித் தாள்களைக் கேட்டுத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். நமக்கென்ன கௌரவக் குறைச்சல்?

இந்தத் தாள்களைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள். காட்ட நினைத்த உடனே கை அலங்காரம் செய்யத் தொடங்கிவிடும். நோட்டு நோட்டாகப் பயிற்சி போட்டுக்கொண்டு, கேன்வாஸ் பக்கமே போகாமல் ஒளிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சோம்பல்தான், உழைப்புப் போல் தெரிகிற சோம்பல். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் நின்றுபோன படத்துக்குத் திரும்புங்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை வரைய ஆசைப்படுகிறவர்கள் முழுத் தூணையும் தொட வேண்டாம். பாயும் குதிரையின் தூக்கிய முன்னங்கால் ஒன்று போதும். அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அகழிக் கரைக்கு வாருங்கள். மதிலையும் தண்ணீரில் தெரியும் அதன் பிம்பத்தையும் பார்ப்போம்: இரண்டில் எது இருட்டு? அன்றைக்கு அது ஒன்றுதான் கேள்வி. பென்சில் போதும், வண்ணப் பெட்டி வேண்டாம். நம்மூர் வெயிலில் அது தட்டிலேயே காய்ந்துவிடும்.