எட்டாம் நாள் இரவும் எங்கள் கறுப்பனும்: நாய் பயந்தால் நாம் என்ன செய்வது?

[காட்சி: வாஷிங் மெஷினுக்குப் பின்னால், இருட்டில் இரண்டு கண்கள்]

வணக்கம். பினாங்கில் நாய் வளர்க்கிறவர்களுக்குச் சீனப் புத்தாண்டின் முதல் நாளைவிட எட்டாம் நாள் இரவுதான் தலைவலி. விடிந்தால் சீனர்கள் வானத்துக் கடவுளாகக் கும்பிடுகிற தீ கோங் சாமியின் பிறந்தநாள். ஹொக்கியன் சீனர் வீடுகளில் வாசலில் மேசை போட்டு, கரும்பு கட்டி, படையல் வைப்பார்கள். பன்னிரண்டு மணி ஆனதும் எங்கள் ஜெலுத்தோங் பக்கம் வானமே கிழிகிற மாதிரி வெடிக்கும்.

இவன் கறுப்பன், கம்போங் நாய், அதாவது நாட்டு நாய். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இரவில் இதே மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டான். நகம் தரையைப் பிராண்டுகிற சத்தம், ஓடு முழுக்க எச்சில். நான் என்ன செய்தேன் தெரியுமா, இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி "பார், ஒன்றுமில்லை" என்றேன். கண்டால் பழகிவிடுவான் என்று நினைப்பு. மறுநாளிலிருந்து கேஸ் அடுப்பு டக்கென்று பற்றினாலே ஓட ஆரம்பித்தான். பயந்த நாயைப் பயத்துக்குள்ளேயே தள்ளினால் பயம் தெளியாது, ஏறத்தான் செய்யும்.

சத்தத்தின் கீச்சு அளவில் நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை. நாம் "சின்ன வெடிதானே" என்கிற இடத்தில் அவன் வேறு எதையோ கேட்கிறான்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார்: "தம்பி, தடவிக் கொடுக்காதப்பா, செல்லம் கொடுத்தா பயம் இன்னும் கூடும்." பலரும் இப்படித்தான் நம்புகிறோம், ஆனால் அது சரியில்லை. உட்காரச் சொல்லிப் பிஸ்கட் கொடுத்துப் பழக்குகிற மாதிரி பயத்தைப் பழக்க முடியாது, அது தானாக வருவது. அவன் உங்கள் மடிக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் தேடிப் போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள், அதுவும் அவனுக்குத் தொல்லைதான்.

[காட்சி: கறுப்பனின் முகம், மிக அருகில்]

பயம் நடுக்கத்தில்தான் தொடங்கும் என்றில்லை. வெயிலே இல்லாமல் மூச்சு வாங்குவான், தூக்கம் வராமலே கொட்டாவி விடுவான், வெறும் உதட்டை நக்குவான், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். இங்கேயே நீங்கள் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, நீங்கள் பதறினாலும் அவனுக்குத் தெரியும். 2019இல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள்; நீண்ட காலம் அழுத்தத்தில் இருந்தவர்களின் நாய்களுக்கும் அந்த அளவு கூடத்தான் இருந்தது. அதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், கத்தாமல் இருந்தால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். பெருநாளுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கைப்பேசியில் வெடிச் சத்தத்தை, உங்களுக்கே கேட்குமா கேட்காதா என்கிற அளவில் வையுங்கள். சத்தம் முதலில், உடனே ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். இந்த வரிசை முக்கியம்: ஈரலை முன்னால் காட்டினால் ஈரலைக் கண்டாலே சந்தேகப்படுவான். காது மடங்காமல் சாப்பிடுகிற வரைக்கும் அதே அளவு, அப்புறம் ஒரு படி மேலே. ஈரலை மறுத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், இறக்குங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும், ஆனால் கறுப்பனுக்கு முதல் இரண்டு படிக்கே மூன்று வாரம் ஆனது.

இதற்கும் அடங்காத பயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், பயத்தைக் குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. அசெப்ரோமசின் என்கிற அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளேயே இருக்கும், அதனால் என்ன மருந்து என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாம் வலிக்குப் போடுகிற இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

[காட்சி: மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வை]

அந்த இரவுக்கு: இருட்டுவதற்குள் நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள், கேட்டைப் பூட்டுங்கள், ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். ஒளிய வீட்டுக்குள் ஓர் இடம் கொடுங்கள், அந்த இடத்தின் கதவைத் திறந்தே வையுங்கள். முடிந்தால் வீட்டிலேயே இருங்கள்.

இந்த வருடம் கறுப்பன் தானாகவே படிக்குக் கீழே போனான். நடுங்கினான், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஈரல் கிண்ணத்தோடு காத்திருந்து, ஒரு மணிக்கு அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது கிண்ணம் காலி.