மரணத்துக்கும் மரணச் செய்திக்கும் நடுவே

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் உயிர் பிரிந்த நொடிக்கும், அவர் இறந்துவிட்டார் என்று உலகத்துக்குத் தெரியவரும் நொடிக்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கிறது. சாதாரண மனிதர் வீட்டில் அந்த நேரம் குடும்பத்துக்குச் சொந்தம். வயதான தாயிடம் யார் சொல்வது, தூரத்தில் படிக்கும் பிள்ளையை என்ன சொல்லி வரவழைப்பது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்கள். இறந்தவர் அமைச்சராகவோ நடிகராகவோ விளையாட்டு வீரராகவோ இருந்துவிட்டால், அந்த நேரத்தைக் குடும்பத்தின் கையிலிருந்து பறித்துக்கொள்வது ஊடகம். அந்தக் கொஞ்ச நேரத்திலும், அதைத் தொடரும் ஓரிரு நாட்களிலும் செய்தி அறை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான், செய்தியாளர்களைப் பார்த்து, இன்று பேசப்போகிறேன்.

2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு ஹெலிகாப்டர் மலைச்சரிவில் விழுந்தது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய 13 வயது மகள் உட்பட அதில் இருந்த 9 பேரும் இறந்தார்கள். குடும்பங்களுக்கு அதிகாரிகள் தகவல் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஒரு செய்தித் தளம் பிரையன்ட்டின் பெயரை வெளியிட்டுவிட்டது. அதற்காக அந்த மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரீஃப் வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தார். அன்றைக்கே ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், பிரையன்ட்டின் நான்கு மகள்களும் உள்ளே இருந்ததாக நேரலையில் சொன்னார். அது தவறு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பல பேர் இறந்த விபத்தில் ஒரு பெயரைச் சொன்னால், மற்ற எட்டுப் பேரையும் பாதி சொன்னதாகிவிடும். அன்று காலை பிரையன்ட்டோடு யார் கிளம்பிப் போனார்கள் என்று அவர்களுடைய குடும்பங்களுக்கும் தெரியும். ஆகவே ‘செய்தி உறுதியா?’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ‘குடும்பத்துக்குத் தெரியுமா?’ என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால் செய்தியை நிறுத்தி வையுங்கள். நாட்டை ஆள்பவர் இறந்து, அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதையே மக்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்றால் கதை வேறு. அப்போது வெளியிடுவதே கடமை. மற்றபடி அரை மணி நேரம் பொறுத்தால் பொதுமக்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

அடுத்து, உறுதிப்படுத்துவது. ‘இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டேன்’ என்று செய்தியாளர் சொல்லுவார். 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோது, அந்நாட்டின் பொது வானொலியும் இரண்டு இடங்களிலிருந்து வந்த தகவலை நம்பித்தான் அவர் இறந்துவிட்டார் என்று அறிவித்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துச் சொன்னார்கள். கிஃபர்ட்ஸ் இறக்கவில்லை. தகவல் தந்த இருவருமே அரசு வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் அவரை நேரில் பார்த்த மருத்துவரோ, அருகில் இருந்த குடும்பத்தாரோ அல்ல. அவருடைய கணவர் அப்போது மருத்துவமனைக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். விமானத்தில் இருந்த தொலைக்காட்சியில் மனைவி இறந்த செய்தியைக் கேட்டார். உண்மை தெரிய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது.

எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட, சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்பதே முக்கியம். தொலைபேசியை வைப்பதற்கு முன் ‘நீங்கள் நேரில் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? சொன்னது யார்?’ என்று கேளுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கையெழுத்திட்ட அறிக்கை, குடும்பத்தின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், இறந்தவரின் அலுவலகத்தில் பெயர் சொல்லிப் பேசும் பொறுப்பாளர் ஆகிய மூன்றில் ஒன்றாவது வேண்டும். எதிர்முனையிலிருந்து அழைப்பு வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதி செய்யுங்கள். மற்ற தலைவர்கள் வெளியிடும் இரங்கல் பதிவு ஆதாரமாகாது. அவர்களும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்தப் பதிவை நீங்கள் ஆதாரமாகக் காட்ட, உங்களை இன்னொருவர் ஆதாரமாகக் காட்டுவார். சுற்றிவந்து பார்த்தால் நடுவில் யாருமே இருக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு வசதியாக ஒரு வினைச்சொல் அமைந்துவிட்டது. ‘இறந்துவிட்டதாகக் கூறப்படுகிறது.’ யார் கூறியது? அந்தச் சொல் அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதற்காகவே பல நேரம் அதை எழுதுகிறோம். கேட்பவர் காதில் விழுவது ‘இறந்துவிட்டார்’ மட்டும்தான். பின்னால் ஒட்டிய ‘கூறப்படுகிறது’ அவர் மனதில் நிற்பதே இல்லை. மரணச் செய்தியில் இந்தச் சொல்லை முழுவதும் விலக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. ‘இன்ன மருத்துவமனை, இத்தனை மணிக்கு வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது’ என்று எழுத முடிந்தால் எழுதுவோம். எழுத முடியாவிட்டால் அது இன்னும் செய்தியாகவில்லை.

2016 டிசம்பர் 5 மாலையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் அரைக்கம்பத்துக்கு இறங்கிய கொடி மறுபடி மேலே ஏறியது. மருத்துவமனை மறுப்பு வெளியிட்டது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவு கடந்து வந்தது. அதற்கு முந்தைய நாள் அவருக்கு இதயத் துடிப்பு நின்று, எக்மோ கருவி பொருத்தியிருந்தார்கள். இந்தச் சொற்கள் செய்தி அறையில் சரியாகப் புரிந்துகொள்ளப்படுவதில்லை. மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பது துடிப்பே நின்றுபோவது. நின்ற துடிப்பை உடனடிச் சிகிச்சையால் மீட்க முடிந்த நோயாளிகள் உண்டு. எக்மோ, இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்கிறது. துடிப்பு நின்றது என்று உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதை மரணம் என்று மொழிபெயர்ப்பதில்தான் தவறு நேர்கிறது. மருத்துவர் அறிவித்த பிறகே அது மரணம்.

முன்கூட்டியே எழுதி வைக்கும் அஞ்சலிக் குறிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதி வைப்பதில் தவறில்லை. அவசரத்தில் எழுதினால் பிறந்த ஆண்டே மாறிப்போகும். ஆனால் வைக்கும் இடம் முக்கியம். 2020 நவம்பரில் பிரான்சின் பன்னாட்டு வானொலி, தன் இணையதளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது, உயிரோடு இருந்த ஏறக்குறைய நூறு பேரின் அஞ்சலிகள் வெளியாகிவிட்டன. கால்பந்து வீரர் பெலே, ராணி எலிசபெத் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2015 ஜூனில் பிபிசி, ராணியின் மரணச் செய்திக்கு ஒத்திகை பார்த்தது. அதை நிஜம் என்று நினைத்த ஒரு செய்தியாளர் ட்விட்டரில் பதிவிட்டார். எனவே, அஞ்சலிகளை வெளியீட்டு மென்பொருளுக்குள்ளேயே வைக்காதீர்கள். தனிக் கோப்பில் வையுங்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதி முதல் வரியில் இருக்கட்டும். இரண்டு பேர் ஒப்புதல் தந்தால்தான் வெளியே எடுக்க முடியும் என்று வையுங்கள். ஒத்திகைக்கு நிஜப் பெயரே வேண்டாம்.

செய்தி உறுதியாகிவிட்டது, அறிவித்தும் ஆயிற்று. அடுத்து எல்லாரும் கேட்பது ‘எதனால் இறந்தார்?’ என்பது. அந்த ஆர்வம் இயல்பானதுதான். ஆனால் பிரேதப் பரிசோதனையின் முதற்கட்டக் கருத்து வேறு, இறுதி அறிக்கை வேறு. ரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் செய்யும் ரசாயனப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ரத்தத்தில் மது இருந்தது என்பதும், மதுவால் இறந்தார் என்பதும் ஒன்றல்ல. இந்தக் காத்திருப்பை நிரப்பத்தான் ஊகங்கள் வருகின்றன. 2018 பிப்ரவரியில் நடிகை ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது, முதலில் இதயத்துடிப்பு நின்றதாகச் செய்தி வந்தது. பிறகு துபாய் அதிகாரிகள், மயங்கி நீரில் மூழ்கியதாகச் சொல்லி வழக்கை முடித்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் சில தொலைக்காட்சிகள் ஸ்டுடியோவுக்குள் குளியல் தொட்டியை வரவழைத்து விளக்கம் சொன்னார்கள். அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவருக்கே அப்போது வயது 20.

‘மரணத்துக்கான காரணம் இன்னும் வெளியாகவில்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்லி அதோடு நிறுத்த முடியும். ‘மர்ம மரணம்’ என்று எழுதாதீர்கள். காரணம் தெரியாமல் இருப்பது மர்மம் ஆகாது. மர்மம் என்றதும் கேட்பவர் மனதில் ஒரு குற்றவாளி வந்து நிற்கிறார். பெரும்பாலும் அது வீட்டில் இருப்பவர்களில் ஒருவர்.

நோயாளியின் ரகசியத்தைச் சொல்லும் நிலைக்கு மருத்துவர்களைத் தள்ளாதீர்கள். உலக மருத்துவர் சங்கத்தின் ஜெனீவா பிரகடனம், நோயாளியின் இரகசியங்களை அவர் இறந்த பின்னும் காப்பேன் என்று மருத்துவரை உறுதி சொல்ல வைக்கிறது. அதே சமயம், பதவியில் இருந்தபோது மறைத்த நோய் மக்களுக்குத் தெரியவேண்டிய விஷயம்தான். பிரான்சின் அதிபர் மிட்டரான் புற்றுநோயை ஆண்டுக்கணக்கில் மறைத்து ஆட்சி செய்தார். 1996 ஜனவரியில் அவர் இறந்து பத்து நாட்களுக்குள் அவருடைய மருத்துவர் அதைப் புத்தகமாக வெளியிட்டார். நீதிமன்றம் தடை விதித்தது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தந்த தீர்ப்பு நுட்பமானது. குடும்பம் துக்கத்தில் இருந்த அந்த முதல் நாட்களில் தற்காலிகத் தடை சரி. மாதங்கள் கடந்த பின்னும் நிரந்தரமாகத் தடுத்தது தவறு. அதாவது, அந்தரங்கத்தின் எடை நாளாக நாளாகக் குறைகிறது, பொதுநலனின் எடை குறைவதில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் கிடைக்கும் மிகப் பயனுள்ள அளவுகோல் இதுதான்.

இறந்தவருக்கு அந்தரங்க உரிமை உண்டா என்று சட்டத்தைக் கேட்டால் பல நாடுகளில் இல்லை என்றே பதில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004இல், மரணம் நடந்த இடத்துப் புகைப்படங்களை அரசு வெளியிடாமல் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது காத்தது இறந்தவரின் உரிமையை அல்ல, உயிரோடு இருக்கும் குடும்பத்தின் உரிமையை. பிரையன்ட் விபத்தில் காவலர்களும் தீயணைப்புப் பணியாளர்களும் உடல்களைச் சொந்தக் கைபேசியில் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தின் நடுவர் குழு பிரையன்ட்டின் மனைவிக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தால் ‘எடுத்தவர் யார், எந்த வேலையில் இருந்தபோது எடுத்தார்?’ என்று பாருங்கள். உடல் தெரியும் படம், ஆம்புலன்ஸ் கதவு திறக்கும் காட்சி, பிள்ளைகளின் முகத்தை நெருங்கி எடுத்தது, வீட்டுக்கு மேலே ட்ரோன் பறந்து எடுத்தது, இவை எதுவும் வேண்டாம். முகத்தை மங்கலாக்கிக் காட்டினாலும் குடும்பத்துக்கு அது யார் என்று தெரியும்.

வானொலி படம் காட்டுவதில்லை என்று நாம் நிம்மதி அடைய முடியாது. அழுகுரலும் அந்தரங்கம்தான். ஒரு தாயின் ஓலத்தை இசைபோல் பின்னணியில் ஓடவிடுகிறோம். அவசர உதவி எண்ணுக்கு வந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஒலிபரப்புகிறோம். படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை அப்படி மூட முடியாது. இன்னொன்று, மரணச் செய்தி வாசித்து முடித்ததும் அடுத்து வரிசையில் இருக்கும் விளம்பரத்தையும், பாட்டையும், முன்பே பதிவுசெய்த நிகழ்ச்சியையும் ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். இறந்தவர் பேசும் விளம்பரமே அடுத்து ஒலிக்கக்கூடும்.

தற்கொலை என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்த பிறகு, அமெரிக்காவில் அந்த ஆண்டின் கடைசி ஐந்து மாதங்களில் தற்கொலைகள் எதிர்பார்ப்பைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு கூடின என்று ஆய்வு காட்டியது. வியன்னா நகரில் 1987இல் பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பற்றி எழுதும் முறையை மாற்றிக்கொண்டதும் அவை குறைந்தன. தற்கொலை செய்துகொண்ட முறையைச் சொல்லாதீர்கள், இடத்தை வர்ணிக்காதீர்கள், கடிதத்தை வாசிக்காதீர்கள். ஒற்றைக் காரணம் கற்பிக்காதீர்கள். உதவி எண்ணைச் செய்தியின் முடிவில் வேகமாக ஓட்டாமல், எழுதிக்கொள்ளும் வேகத்தில் இரண்டு முறை சொல்லுங்கள்.

குடும்பத்தாரிடம் பேசுவது எப்படி? ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் மட்டுமே அழைக்க வேண்டும். காலை நிகழ்ச்சி, செய்திப் பிரிவு, இணையப் பிரிவு என்று மூன்று பேர் அழைப்பது கொடுமை. முதலில் உறவினரையோ உதவியாளரையோ அழையுங்கள். துணைவரையும் பிள்ளைகளையும் நேரடியாக அழைக்காதீர்கள். மரணச் செய்தியை முதலில் சொல்பவராக நீங்கள் ஆகிவிடக் கூடாது. எதிர்முனையில் பேசுபவருக்குத் தெரியவில்லை என்று தோன்றினால், செய்தியைச் சொல்லாமல் அழைப்பை முடியுங்கள். ‘இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். ‘அவரைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் கேட்டுக்கொள்கிறோம், விருப்பமில்லை என்றால் மறுபடி அழைக்க மாட்டோம்’ என்று சொல்லுங்கள். மறுத்தால் அதைக் குறித்து வைத்து, எல்லாப் பிரிவுக்கும் தெரிவியுங்கள்.

தவறிவிட்டால் திருத்துவதற்கும் முறை உண்டு. பதிவைச் சத்தமில்லாமல் நீக்கினால், அதன் நகல் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த நேரச் செய்தியில் தவறு போனதோ அதே நேரத்தில், முதல் செய்தியாக, ‘இன்னாரைப் பற்றி நாங்கள் சொன்னது தவறு, அவர் உயிரோடு சிகிச்சையில் இருக்கிறார்’ என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கு முன் குடும்பத்துக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

ஓராண்டு கழித்து நினைவு நாள் வரும். அன்று பணியில் இருப்பவர் புதியவராக இருக்கலாம். ஆவணக் காப்பகத்தைத் திறந்ததும் முதலில் அவர் கண்ணில் படுவது மருத்துவமனை வாசல் காட்சியும் அந்த அழுகுரலும்தான். அவற்றைப் பதிவுசெய்த நாளிலேயே கோப்பின் பெயரில் ‘குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லை, ஒலிபரப்பக் கூடாது’ என்று எழுதி வையுங்கள். இறந்தவருடைய பேச்சும் பாட்டும் ஆட்டமும் இருக்கும் பதிவுகளை மேலே வையுங்கள்.

வணக்கம்.