கொழுந்தும் கடிவாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்துக்கொண்டால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலையில் கொப்புள நோய் தலைகாட்டிவிடும். முதலில் கொழுந்தில் எண்ணெய் பட்டாற்போல் ஒரு வெளிர் புள்ளி. சில நாட்களில் அந்த இடம் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைக்கும். புடைப்பின்மேல் வெள்ளை மாவு பூத்துவிட்டால், பூஞ்சை அடுத்த செடிக்குக் கிளம்பிவிட்டது என்று பொருள். 1946இல் தென்னிந்தியாவுக்கு வந்த நோய் இது. இன்னும் போன பாடில்லை.

ஆனால் அதே செடியின் முற்றிய இலையைத் தடவிப் பாருங்கள். அதே மழைதான், அதே பூஞ்சை வித்துதான். புதிதாகக் கொப்புளம் வராது. இலையின் மேல்தோல் தடித்துவிட்டது. செடிக்குச் சிக்கல் இளம் பருவத்தில்தான். அதனால்தான் பறிக்கும் இடைவெளியைக் குறைக்கிறார்கள். நோய் தொற்றிய கொழுந்து மாவு பூப்பதற்குள் கூடைக்குப் போய்விடும். மழைக்கு முன் நிழல் மரத்தின் கிளைகளைக் கழிப்பதும், இலை சீக்கிரம் காய்ந்து வித்து முளைக்காமல் போகட்டும் என்றுதான்.

தேன்கூட்டிலும் இப்படித்தான். தேனீயின் உடலில் நம்மைப்போல், கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் உருவாவதில்லை. ஆனால் நோயுற்ற புழுவை மோப்பத்தால் அறிந்து, அறையைத் திறந்து வெளியே இழுத்துப் போட்டுவிடும் வேலைக்காரத் தேனீக்கள் உண்டு. நோய் பரவும் நிலைக்கு வருமுன் அகற்றிவிட்டால் கூடு பிழைக்கும்.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று பொடி விற்கும் விளம்பரங்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது என்ன, தொட்டியில் ஊற்றி நிரப்பும் தண்ணீரா? எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எப்போது வந்து சேர்கிறது என்பதே பல நோய்களில் உயிரைத் தீர்மானிக்கிறது.

வெறிநாய்க்கடியைப் பாருங்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் இதற்காகவே தொடங்கப்பட்ட இடம். இந்த வைரஸ் கடிவாயிலிருந்து நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி மெல்ல ஏறும். பெரும்பாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். நரம்புக்குள் ஒளிந்து போவதால் நம் காவல் அணுக்கள் விழித்துக்கொள்வதில்லை. அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் மிக அரிது. தடுப்பூசி செய்வது இதுதான்: செயலிழந்த வைரஸை உடலுக்குக் காட்டி, கடித்த வைரஸ் மூளையை எட்டுமுன்பே எதிர்ப்பொருளைத் தயாராக்குகிறது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். கடி தோலைத் துளைத்திருந்தால் அதுவரை காக்க, ஆயத்தமான எதிர்ப்பொருளைக் கடிவாயிலேயே செலுத்துகிறார்கள்.

மலையில் பஸ் வரத் தாமதமாகலாம். சோப்பும் குழாய்த் தண்ணீரும் வீட்டிலேயே இருக்கின்றன. நாய் கடித்தால் உடனே கடிவாயைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முகத்திலோ கழுத்திலோ கடிபட்டிருந்தால் மூளைக்கு வழி குட்டை. அங்கே வைரஸ் இன்னும் சீக்கிரம் மூளையை எட்டிவிடலாம்.