வரப்பில்லா வயல்கள்: லாக்ஸ்டன் கிராமம்

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தின்மேல் சட்டம் போட்டு, பொதுவயல்களை வேலிகட்டித் தனிப்பண்ணைகளாக்கியது. அந்த அலையில் முழுவதும் கரையாமல் நின்ற ஊர் இது. வேலியே இல்லாத மூன்று பெருவயல்கள், மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல், இன்றும் அங்கே உழவில் இருக்கின்றன.

முறை எளிது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு, ஆண்டுதோறும் சுழலும். ஒரு குடியானவருடைய நிலம் மூன்றிலும் நீளப் பட்டைகளாகச் சிதறிக்கிடக்கும். இதை அலங்கோலம் என்று நினைக்கக் கூடாது. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரும். எந்த வயல் தரிசானாலும் மற்ற இரண்டிலும் அவருக்கு விளைச்சல் உண்டு. நாம் 'ஒரு பர்லாங் தூரம்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கே பொருள் உழவுச் சாலின் நீளம்தான்: 220 கஜம். அகலம் 22 கஜம் என்றால் அது ஒரு ஏக்கர்.

வரப்பில்லாத இடத்தில் என்ன கெடும்? ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதாலே போதும், பக்கத்துக்காரர் பட்டை மெல்லத் தேயும். அடுத்த ஆபத்து 'சைக்'குகளுக்கு. உழ முடியாத ஈரப் பள்ளங்களிலும் சரிவுகளிலும் புல்லாகவே விட்ட இடங்கள் அவை. அவற்றின் புல்லை ஏலம் விடுவார்கள். கலப்பை சற்றே ஏறினாலும் பொதுப்புல் போய்விடும்.

இதற்குத்தான் ஊர்மன்றத்தின் நடுவர்கள். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்து முடிந்த வயலுக்குப் போவார்கள். பட்டைக்குப் பட்டை எல்லை பார்த்து, எல்லைக்கு அடித்த மரமுளை சாய்ந்தோ காணாமலோ இருந்தால் அங்கேயே புது மரமுளையை அடித்து இறக்குவார்கள். சைக்கிலோ வண்டிப்பாதையிலோ உழவு ஏறியிருக்கிறதா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குற்றத்துக்கு அபராதம். அடுத்த வாரம் மன்றம் கூடி அதை உறுதி செய்யும். 1977இல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்த சட்டம், லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தது.

1635இல் நில அளவையாளர் மார்க் பியர்ஸ் வரைந்த இந்த ஊரின் வரைபடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் அதில் தெரியும். உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூட வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் பட்டைகளைச் சேர்த்துப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த மூன்று வயல்களை அதே படத்தில் விரல்வைத்துக் காட்டலாம்.