ரத்லின் தீவின் எலும்புகளும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

விழாத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் அரங்கைத் திறந்து கொடுத்த நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, இரவுப் பணி முடித்துக் கண்ணயராமல் நேரே இங்கு வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, யாழ்ப்பாணத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து டப்ளினில் குடியேறிய சொந்தங்களே, வணக்கம். எனக்கு முன்னர் பேசிய பேராசிரியர் ஐயா நேரத்தைச் சிக்கனமாகக் கையாண்டார். அவர் மிச்சம் வைத்ததையும் சேர்த்து நான் எடுத்துக்கொள்வேன், தலைவர் பொறுத்தருள வேண்டும்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஐரிஷ்காரர்களோ நெடுங்காலமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அவர்களது பழங்கதை நூல், முன்னோர் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்கிறது. எலும்பு சொல்வது, குடும்பப் பெயர் சொல்வது, மொழி சொல்வது என மூன்றையும் இன்று பார்ப்போம். எலும்பின் வழியே, இரும்பு மிகும் ஒரு பரம்பரை நோய்க்கும் அதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கும் வந்து சேர்வேன்.

முதலில் எலும்பு. பழைய எலும்பு எல்லாவற்றிலும் மரபணு தங்காது. உட்காதைச் சுற்றியுள்ள எலும்புதான் உடம்பிலேயே மிகக் கெட்டியானது; அங்கேதான் அதிகம் மிஞ்சும். மேற்பரப்பைச் சுரண்டி நீக்கி, புறஊதா ஒளி காட்டி, உள்ளிருந்து சிறிது தூள் எடுக்கிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் நூறு மரபணு எழுத்துக்கும் குறைவான துண்டுகள். தோண்டியவரின் தும்மலும் வியர்வையும் கலந்துவிட்டால் முடிவு கெட்டுவிடும். அதனால் துண்டின் நுனிகளைப் பார்க்கிறார்கள். பழைய மரபணுவில் நுனி எழுத்துகள் சிதைந்திருக்கும், புதிதில் அப்படி இருக்காது.

பெல்ஃபாஸ்ட் அருகே பாலினஹாட்டியில் 1855இல் தோண்டியெடுத்த ஒரு பெண்ணின் எலும்பை டப்ளின் டிரினிட்டி கல்லூரியார் இப்படிப் படித்தார்கள். 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர் குலப் பெண். கருங்கூந்தல், பழுப்புக் கண். மரபில் பெரும்பகுதி மேற்காசியாவில் பயிர்த்தொழில் தொடங்கிய மக்களுடையது. இன்றைய ஐரிஷ்காரரைவிட இத்தாலியின் சார்டீனியாத் தீவினருக்கே நெருக்கமானவள்.

அடுத்தது ரத்லின். வட அயர்லாந்துக் கரையில் உள்ள பாலிகாசிலிலிருந்து படகேறிப் போக வேண்டிய சின்னத் தீவு. 2006இல் அங்கே ஒரு மதுக்கடைக்காரர், கடைக்கு வண்டி வந்து போகப் பாதை வேண்டுமென்று நிலத்தைச் சுத்தம் செய்கிறார். பெரிய தட்டைக் கல் ஒன்று தட்டுப்படுகிறது. அடியில் குழி. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் மண்டையோடு! மதுக்கடையை ஒட்டி மனித எலும்பு கிடந்தால் ஊர் என்ன பேசும்? மனிதர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். வந்து பார்த்தார்கள், கொலை வழக்கு இல்லை என்றார்கள். வழக்குப் போடுவதானாலும் யார் மேல் போடுவது? செத்தவர்கள் சுமார் 4,000 ஆண்டுக்கு முந்தையவர்கள் ஆயிற்றே! தொல்லியலார் வந்தார்கள். ஆய்வுக்குப் போனது மூன்று ஆண்களின் எலும்பு. மரபில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடு மேய்த்த கூட்டத்திலிருந்து வந்தது. இன்றைய ஐரிஷ், ஸ்காட்லாந்து மக்களின் முன்வடிவம் இவர்களே. "நாங்கள் கலப்பற்ற கெல்ட்டுகள்" என்று ஐரோப்பியப் பழங்குலம் ஒன்றின் பெயரைச் சொல்லி மேடையில் மார்தட்டும் நண்பர்களை அந்தக் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைக்கலாம்.

அந்த மூவரில் ஒருவரிடம் சி282ஒய் என்ற மரபணுப் பிறழ்வு இருந்தது; உடம்பில் இரும்பு மிகும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற நோய்க்குக் காரணம் இதுதான். நான் வந்ததே இதைச் சொல்லத்தான். உலகில் இது மிக அதிகம் அயர்லாந்தில். ஐவரில் ஒருவரிடம் ஒரு பிரதி, ஏறத்தாழ 83 பேரில் ஒருவரிடம் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதி. இரண்டு இருந்தால் குடல் இரும்புச்சத்தை அளவின்றி உறிஞ்சும். மிகையை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. கல்லீரல், கணையம், இதயம், மூட்டு எனத் தேங்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டி வலிக்கும். "வயசாயிற்று" என்று விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை மறைந்தே கிடக்கும். சர்க்கரை நோயோ கல்லீரல் சுருக்கமோ வந்தபின் கண்டுபிடித்தால் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்காதிருப்பது சபை நாகரிகம். மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். பரிசோதனை எளிது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கூடவே இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு. செறிவு 45 சதவீதத்தைத் தாண்டினால் மரபணுச் சோதனை. சிகிச்சை, வாராவாரம் 450 முதல் 500 மில்லி இரத்தம் எடுப்பது. ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியபின் ஆண்டுக்குச் சில தடவை போதும். இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டும். வேகவைக்காத சிப்பியும் ஆகாது, இரும்பு மிகுந்த உடம்பில் அதன் கிருமி உயிரையே வாங்கிவிடும். ஒருவருக்கு இரண்டு பிரதி இருந்தால் உடன்பிறந்தவருக்கும் அப்படி இருக்க நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு.

"நமக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. இந்தப் பிறழ்வு நம்மவரிடம் அரிதுதான். ஆனால் ஐரிஷ் மருமகனும் பேரப்பிள்ளையும் உள்ள வீடுகள் இந்த அரங்கிலேயே உண்டு. வார்டுகளில் அவர்களுக்கு ஊசி போடுவதும் நம் சகோதரிகள்தான்.

குடும்பப் பெயரை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த டப்ளின், 841இல் வடக்கிலிருந்து வந்த கடலோடிகளான வைகிங்குகள் அமைத்த கப்பல் பாசறை. பர்க், ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற குடும்பப் பெயர்கள் 1169இல் தொடங்கிய நார்மன் படையெடுப்பின் மிச்சம். வடக்கே அல்ஸ்டர் பகுதியில் 1609 முதல் ஸ்காட்லாந்துக் குடியேற்றம். மொழியைப் பற்றி... தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டும் அனுப்பிவிட்டார்.

வாசல் மேசையில் மனுப் படிவம் இருக்கிறது. 40 வயது கடந்த எல்லோருக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை இலவசமாக வேண்டும் என்பது கோரிக்கை. பேனா இல்லை என்று யாரும் நழுவ வேண்டாம், பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறோம். தேநீர் கையெழுத்துக்குப் பிறகு.